இயந்திரம் பாடிய ஆல்பம்

விமர்சனம் எழுதுவது எப்படி என்று உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கலைப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னைவிட வேகமானவர்கள். காலையில் வெளியான ஆல்பத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே நட்சத்திரம் போட்டுவிடுகிறீர்கள். எனக்கு அந்த வேகம் ஒருநாளும் இருந்ததில்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது. அதனால் எழுதும் முறையை நான் தொடப்போவதில்லை. என் பணிக்காலத்தில் அதிகம் பாராட்டு வாங்கித் தந்த ஒரே ஒரு விமர்சனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் புகழ்ந்து தள்ளிய பாட்டை இந்த உலகத்தில் யாரும் பாடவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் எங்கள் பத்திரிகையின் கிளை அலுவலகம், ஒரு மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே இருந்தது இரண்டு பேர். நான், படம் எடுக்கும் குணா. கோயில் திருவிழா, பள்ளி ஓட்டப்பந்தயம், கோர்ட்டுச் செய்தி எல்லாம் நான்தான். அதோடு ஞாயிற்றுக்கிழமை இசைப் பத்தியும் என் தலையில். வியாழக்கிழமை நான்கு மணிக்குக் கோலாலம்பூர் போகும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் டிரைவரிடம் கவரைக் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தன் சீட்டுக்கு அடியில் செருகிக்கொள்வார். அங்கே தலைமை அலுவலகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். பஸ் போய்விட்டால் அந்த வாரம் என் பத்தி கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரே ஒருமுறைதான் பஸ்ஸைத் தவறவிட்டேன், அதுவும் என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வந்த நாளில். மாப்பிள்ளையும் போய்விட்டார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை காலைத் தபாலில் ஜானி மாரியின் கேசட் வந்தது.

அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் வைத்த பெயர் மாரிமுத்து. தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. எழுபதுகளின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரும் தோள்வரை முடியுமாகத் தமிழில் ராக் பாடிக்கொண்டு பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றியவர். தோட்டத்துத் திருவிழாவில் அவர் மேடை ஏறினால் சாமி புறப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போகும் என்று கேலி பேசுவார்கள். பிறகு கூட்டம் குறைந்தது, குழு கலைந்தது, அவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார். நாற்பத்தெட்டு வயதில், எல்லாரும் அவரை மறந்த பிறகு, எட்டுப் பாட்டோடு ஒரு கேசட் கொண்டுவந்தார். ஆல்பத்தின் பெயர் ‘இன்னும் இருக்கேன்’. கேசட் கம்பெனிக்காரர்கள் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: ஈப்போவில் ஒரு நிகழ்ச்சி, மண்டபம் நிறைந்தால் மற்ற ஊர்களுக்கும் போகலாம், நிறையாவிட்டால் பாட்டு இத்தோடு சரி.

கேசட்டோடு ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. “மிஸ், நல்லா இருக்குன்னு எழுத வேணாம். முழுசா கேட்டுட்டு எழுதுங்க. அது போதும்.”

இந்த வரியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு கதையும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா, ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் கிராணி. அதாவது அலுவலகக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் வீணை வகுப்பு, வெள்ளிக்கிழமை தேவாரம். தெருவில் எங்காவது கிட்டார் சத்தம் கேட்டால் அப்பா, “உந்த யன்னலைச் சாத்து பிள்ளை” என்பார். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு தோட்டத்துக்குள்ளேயே காலெடுத்து வைத்தேன். ராக் விமர்சனம் எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மேல்மாடியில் வேறு யாரும் இல்லை, அதுதான் தகுதி.

அலுவலகத்தில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. கூட்டங்களில் பிரமுகர்களின் பேச்சைப் பதிவு செய்வதற்கென்று வைத்திருந்தோம். மத்தியானம் அதில் கேசட்டைப் போட்டேன். முதல் பாட்டிலேயே அசந்துபோனேன். ஜானி மாரி என்றால் தொண்டை கிழியக் கத்துபவர் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். இங்கே ஒரு கனத்த குரல் நிதானமாக நடந்து வந்தது. டிரம் அவசரப்படவில்லை. கிட்டார்கூட யோசித்து யோசித்துப் பேசியது. நாலாவது பாட்டுதான் ஆல்பத்தின் பெயரைக் கொண்டது. அதன் முடிவில் அவர் ‘இருக்கேன்’ என்று நீளமாக ஒரு பெருமூச்சைப்போல இறக்கியபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குணா உள்ளே வந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் மாரியின் மேடைக்கு முன்னால் ஆடியவன். கொஞ்சம் நின்று கேட்டான்.

“என்னக்கா, மாரி அண்ணே இப்படி இழுக்குறாரு?”

“வயசு, குணா. பக்குவம்,” என்றேன்.

“என்னமோ போங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடம் என்று கேசட் அட்டையில் போட்டிருந்தது. நான் நான்கு மணி பஸ்ஸுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். முதல் பக்கம் முடிய இருபத்துநான்கு நிமிடம் ஆனது. எனக்கு எரிச்சல் வந்தது. அட்டையில்கூட ஒழுங்காக அச்சடிக்கத் தெரியவில்லையே என்று திட்டினேன். ஒரு பிரமுகர் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஆள் நான். அந்த நாலு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது பக்கத்தைக் கேட்டு முடிக்கவும் இல்லை. மூன்றரை மணிக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விமர்சனம் அருமையாக வந்தது. ‘கத்துவதை விட்டுவிட்டுப் பேசக் கற்றுக்கொண்ட குரல்’ என்று எழுதினேன். ‘நாலாவது பாட்டில் அவர் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறார், மேலே வர அவருக்கு அவசரமில்லை’ என்று எழுதினேன். கவரை ஒட்டிக்கொண்டு ஓடிப்போய் டிரைவரிடம் கொடுத்தபோது எனக்கு என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், மற்ற எல்லாரும் ஆல்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பத்தியாளர், வயதானவர் வாலிபன் வேஷம் போடுகிறார் என்று எழுதியிருந்தார். ஒரு தமிழ் வார இதழும் ஏறக்குறைய அதையே எழுதியது. வானொலியில் ஒருவர் சிரித்தேவிட்டார். மூன்று பேருக்கும் ஒரே கருத்து எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். விசாரித்தேன். கோலாலம்பூரில் நடந்த வெளியீட்டு விழாவுக்கு மூவருமே போயிருந்தார்கள். மாரி அங்கே இறுக்கமான சிவப்புக் கால்சட்டை போட்டு வந்திருக்கிறார். மூவரின் எழுத்திலும் அந்தக் கால்சட்டை இருந்தது. அதற்குள்ளே இருந்த மனிதரின் பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்கள் கண்ணால் கேட்டார்கள், நான் ஒருத்திதான் காதால் கேட்டேன் என்று குணாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என் விமர்சனத்துக்குப் பலன் கிடைத்தது. ராக் என்றாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், எங்கள் அப்பாவின் நண்பர்கள்கூட அடுத்த சனிக்கிழமை நடக்கவிருந்த அந்த ஈப்போ நிகழ்ச்சிக்கு டிக்கெட் கேட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. ஜானி மாரி வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தொழிற்சாலையின் நீலச் சட்டை, முன்நெற்றி ஏறிய தலை. சட்டைப்பையிலிருந்து என் விமர்சனத்தை எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார்.

“என் பொண்டாட்டி இத ஆறு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டா மிஸ். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். நாலாவது பாட்டுல நான் கீழ எறங்கி நிக்கிறேன்னு போட்டிருக்கீங்க. நான் எறங்கவே இல்லையே? மேலதான போனேன்?”

கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்பவரைப்போலக் கேட்டார். எனக்கும் குழப்பம்.

“எதுல கேட்டீங்க?”

மேசையைக் காட்டினேன். கேசட்டைப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. அவர் தலையைச் சாய்த்தார்.

“மெஷினு மெதுவா ஓடுதுலா மிஸ்.”

குணா ஓடிவந்து பின்மூடியைக் கழற்றினான். உள்ளே சக்கரத்தைச் சுற்றும் சின்ன ரப்பர் பெல்ட் தொய்ந்து தொங்கியது. மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருக்க வேண்டும். அதில் நாங்கள் கேட்டது பிரமுகர்களின் பேச்சு மட்டுமே. அவர்கள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“ரப்பரு ஊருல உக்காந்துகிட்டு, ஒரு ரப்பரு பெல்ட்டு மாத்த முடியலயாலா?” என்று மாரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. பட்டனை நிறுத்தக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டாதீங்க,” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை முழுவதும் கேட்டார். முடிந்ததும் பட்டனை அவரே அழுத்தி நிறுத்தினார்.

“இந்தக் குரலு எனக்குத் தெரியும் மிஸ். வேல முடிஞ்சு வந்து பொண்டாட்டிகிட்ட கோப்பி கேக்குற குரலு. இதுல நான் பாடினதே இல்ல. பாட்டுன்னா கத்தணும்னு இருந்துட்டேன்.”

“அண்ணே, நான் திருத்தம் எழுதணும்.”

அவர் முகம் மாறியது. “சனிக்கிழம முடிஞ்சு எழுதுங்களேன். மூணு நாளுதான்.”

“நான் எழுதினத நம்பித்தான் டிக்கெட் வாங்குறாங்க.”

“நீங்க எழுதின மாதிரியே நான் பாடிட்டா? அப்ப பொய் இல்லல்ல?”

அந்தக் கேள்வியை இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அந்த டிக்கெட்டுகளை வாங்கியவர்கள் என் எழுத்தை நம்பி வாங்கினார்கள். அது தவறு என்று தெரிந்த பிறகு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார்.

“சரி, எழுதுங்க. உங்க பேரு உங்களுக்கு முக்கியம்லா,” என்றார். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதனால்தான் வலித்தது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “யாரும் குறை சொல்லலையேம்மா, நீயே ஏன் சொறிஞ்சு புண்ணாக்கிக்கிற?” என்றார் ஆசிரியர். நான் விடவில்லை. போனிலேயே ஐந்து வரி சொன்னேன். அலுவலக இயந்திரத்தின் கோளாறால் ஆல்பம் மெதுவாக ஒலித்தது. விமர்சகர் கேட்டது பாடகர் பாடியதல்ல. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அது வெளியானது. சாப்பாட்டுக் கடையில் எனக்கு ‘மெஷின் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக்கூட நான் ஒரு பதக்கம்போலத்தான் குத்திக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா.

ஆனால் அந்த மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் சனிக்கிழமை மாலைவரை என்னை விடவில்லை. மண்டப வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. பாதிப் பேர் என்னதான் நடக்கும் என்று வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார்கள்.

முதல் பாட்டை மாரி தன் வழக்கப்படி பாடினார். கைதட்டல் மரியாதைக்கு விழுந்தது. அவர் வாத்தியக்காரர்களை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்: “பேப்பர்க்கார மிஸ்ஸோட மெஷினு என்னவிட நல்லா பாடிச்சு. அது பாடின மாதிரி பாடிப் பாக்குறேன். சிரிக்காதீங்கலா.” மண்டபம் சிரித்தது. அவர் தொடங்கியதும் அடங்கிப்போனது. அந்தக் கனத்த குரல், அவசரமில்லாத டிரம், எல்லாம் நான் எழுதியதைப்போலவே இருந்தது. நாலாவது பாட்டின் முடிவில் அதே பெருமூச்சு. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆங்கிலப் பத்திரிகைப் பத்தியாளரும் வந்திருந்தார். இந்தக் குரலின் ஆழத்தை ஆல்பத்திலேயே தான் உணர்ந்ததாக அடுத்த வாரம் எழுதினார். என்ன செய்வது, சிலருக்கு எந்த இயந்திரமும் பழுதாவதில்லை.

மண்டபத்தின் பின்வாசலில் மாரியைப் பார்த்தேன். கம்பெனிக்காரர் தெலுக் இந்தானுக்கும் வேறு ஊர்களுக்கும் நாள் குறித்துக்கொண்டிருந்தார். மாரி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

“மிஸ், அந்த டேப்ப நல்ல மெஷினுல போட்டுக் கேட்டீங்களா? நான் பாடினது எப்படி இருந்துச்சு?”

கேட்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் என் தவறைப் பற்றியே யோசித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், அச்சிலும் போட்டிருக்கிறேன். அந்த மனிதர் பாடியதை ஒருமுறையாவது சரியான வேகத்தில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இல்லண்ணே,” என்றேன்.

“தாப்பாலா மிஸ், பரவால்ல,” என்று சிரித்துவிட்டுப் போனார். திருத்தம் எழுதியபோது வராத அவமானம் அப்போது வந்தது. தம்பி தங்கைகளே, என்னைக் கேட்டால் என் தவறு அந்தப் பெல்ட் இல்லை. இதுதான்.

மறுநாள் குணாவின் வீட்டுக்குப் போனேன். அவனிடம் நல்ல கேசட் செட் இருந்தது. இரண்டு பக்கத்தையும் எழுந்திருக்காமல் கேட்டோம். முதல் இரண்டு பாட்டும் சகிக்கவில்லை. வேண்டாத இடத்தில் கிட்டார், காதைக் கிழிக்கும் டிரம். எனக்குப் பிடித்த குரல் எங்கேயும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, பத்து காஜா வீட்டு யன்னலுக்குள் விடத் தகுந்த ஒரு குரலை அந்த இயந்திரம் எனக்குச் செய்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் நான் பக்குவம் என்று புகழ்ந்திருக்கிறேன். நாலாவது பாட்டின் முடிவு வந்தது. பெருமூச்சு இல்லை. தொண்டையின் உச்சியிலிருந்து ஒரு கத்தல். நடுவில் குரல் உடைகிறது. உடைந்ததைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்.

குணா நிமிர்ந்து உட்கார்ந்தான். “அக்கா, இது பெரட்டுலா!”

“அப்படின்னா?”

“தோட்டத்துல விடிகாலையில எல்லாரையும் நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாங்கல்ல, அதான் பெரட்டு. கிராணி பேரப் படிப்பாரு. பின்வரிசையில நிக்கிறவங்க இப்படித்தான் கத்தணும். அவரு காதுல விழலன்னா அன்னைக்கு வேல இல்ல.”

அவனை இன்னொருமுறை போடச் சொன்னேன். பிறகு இன்னொருமுறை.

திங்கட்கிழமை இரண்டு மணி ஷிப்டுக்கு முன்பே ஜெலாப்பாங்கில் அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். மாரி சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

“கேட்டுட்டேன் அண்ணே. ரெண்டு பக்கமும்.”

“ம்.”

“மொத ரெண்டு பாட்டு ரொம்ப மோசம். அஞ்சாவதும் ஏழாவதும் சுமார். கடைசிப் பாட்ட எடுத்துட்டா நல்லது.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியதைப் பார்த்தேன். புகழ்ந்து எழுதிய விமர்சனத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த நாளில்கூட அந்த முகம் இப்படி இருந்ததில்லை.

“நாலாவது?” என்றார்.

“அது பெரட்டு. பின்வரிசையிலேருந்து கத்துறீங்க. சனிக்கிழம மேடையில அத ஏன் விட்டீங்க?”

“கேக்க ஆளு இல்லன்னு நெனச்சேன் மிஸ்.”

“இந்த வாரம் எழுதட்டுமா?”

“எழுத வேணாம். கேட்டீங்கல்ல, அது போதும். தெலுக் இந்தான்ல அந்தக் கத்தல கடைசியில வச்சுக்கிறேன்.”

வாசலுக்கு உள்ளே மேற்பார்வையாளர் கையில் அட்டையோடு நின்று பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். அவர் சீனர், தமிழ்ப் பெயர்களைத் தன் வாய்க்கு ஏற்றபடி வெட்டிக் கூப்பிடுவார். “மாலி!” என்றார். பதில் இல்லாததால் இன்னொருமுறை, “மாலிமுத்து!”

மாரி சைக்கிளை என் கையில் கொடுத்தார். வாசல் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டை உடைய ஒரே மூச்சில் கத்தினார்.

“இருக்கேன்!”

நான் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தேன். காது அடைத்துக்கொண்டது, திறக்க வெகுநேரம் ஆனது.